ஆழ்வார்க்கடியான் யார்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடையில் பேசிய பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன். தமிழ்ப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.)



செயலாளர் எனக்குப் போன் செய்தபோது, "ஏதாவது தொழில்நுட்பமா பேசுங்க" என்றார். "சார், நாள் முழுக்க ஆபீஸ்ல அதைத்தான் பேசறேன். லீவு நாள்லயும் அதையே பேசச் சொன்னா எப்படி? நான் ஒரு கதையைப் பத்திப் பேசறேன்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "இருபது நிமிஷம்தான்" என்றார். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி, 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் ஆழ்வார்க்கடியான் நம்பி உண்மையில் யார் என்பது.

இங்கே இருக்கிற பெரியவர்கள் புத்தகமாகவோ, அவர்கள் வீட்டுப் பாட்டி கல்கி பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொகுப்பாகவோ படித்திருப்பார்கள். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர்கதை அது. மாணவர்கள் பலர் 2022-லும் 2023-லும் வந்த படங்களில் பார்த்திருப்பீர்கள். ஜெயராம் முன்குடுமியோடும் கையில் தடியோடும் வந்து வந்தியத்தேவனிடம் வம்பளப்பாரே, அவர்தான்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சுந்தர சோழர் காலம். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் என்ற வாலிபன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களையும் எண்ணிக்கொண்டே வருகிறான். அங்கே ஒரு கும்பல். நடுவில் உடம்பெல்லாம் நாமம் போட்ட ஒரு குட்டையான மனிதர், சைவரோடும் அத்வைதியோடும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பார்த்தால் சரியான சண்டைக்கோழி. அவர்தான் ஆழ்வார்க்கடியான்.

அன்றிரவே பார்த்தால், கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் நடுநிசியில் ரகசியக் கூட்டம் போடும்போது மதிற்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிகிறது. அதே தலை! பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு உறையாகக் கழற்றுகிறார் கல்கி. நந்தினியின் வளர்ப்பு அண்ணன் என்கிறார். முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயரின் ஒற்றன் என்கிறார். வந்தியத்தேவன் வழி தெரியாமல் நிற்கிற பல இடங்களில் இவன் வந்து நிற்கிறான். இலங்கைக் காட்டில் அருள்மொழிவர்மரைத் தேடிப் போகும்போதும் கூடவே போகிறான். நம்பலாமா கூடாதா என்று வந்தியத்தேவனுக்கும் தெரியாது, படிக்கிற நமக்கும் தெரியாது. ஆனால் அவன் காட்டின வழி தப்பினதில்லை.

"ஒற்றன்னு கதையிலேயே சொல்லியாச்சே, அப்புறம் என்ன கேள்வி?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். 2006-ல், நம் விடுதியில், இரண்டாம் ஆண்டில்.

என் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில். கடலூர் மாவட்டம். வந்தியத்தேவன் குதிரை ஓட்டிய வீரநாராயண ஏரிதான் எங்கள் வீராணம் ஏரி. 2004-லிருந்து குழாய் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குக் குடிதண்ணீராக வருகிறதே, அதே ஏரி. கதை தொடங்குவது எங்கள் ஊரில். அந்த ஊர்க்காரனான நான் கதையைப் படித்ததே இல்லை!

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்தவன் நான். முதல் வருஷம் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. இரண்டாம் வருஷத்தில் நாலு அரியர். ஊருக்குத் திரும்பிப் போய் அப்பாவோடு உரக்கடையில் உட்கார்ந்துவிடலாம் என்று பெட்டியைக்கூட ஒருமுறை கட்டிவிட்டேன். அப்போது ரெண்டு ரூம் தள்ளி ஒரு ஃபைனல் இயர் அண்ணன் இருந்தார். செங்கல்பட்டுப் பக்கம். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் பிறகு சொல்கிறேன். கட்டின பெட்டியைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்டா நீ?" என்றார். சொன்னேன்.

"காட்டுமன்னார்கோயிலா! டேய், பொன்னியின் செல்வன் படிச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"அடப்பாவி! அதைப் படிக்காம ஊருக்குப் போகாதே. அஞ்சு பாகமும் முடிச்சிட்டுப் போ."

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அப்போது ஒரு வாடகை நூலகம் இருந்தது. அதில் அவர் கணக்கில் முதல் பாகம் எடுத்துக் கொடுத்தார். நிபந்தனை என்னவென்றால், இரவு ஒரு மணி நேரம் அவரிடம் கணக்குப் போட வேண்டும், அப்புறம்தான் கதை. ஐந்து பாகம் முடிவதற்குள் எனக்கு லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் புரிந்துவிட்டது. அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "உள்ளூர்ல முடியாத கேஸை வெளியூர் கோர்ட்டுக்கு மாத்தி, அங்க சுலபமா முடிச்சு, தீர்ப்பைத் திரும்ப உள்ளூருக்குக் கொண்டுவர மாதிரிடா. அவ்வளவுதான்." எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படிப் போட்டிருக்கவில்லை. மாணவர்கள் வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள், வினாத்தாளில் எழுதாதீர்கள்.

ஆழ்வார்க்கடியான் கேள்வியைக் கிளப்பியவரும் அவர்தான். நிலையத்துக்கு வெளியே டீக்கடையில், கடைசி எலெக்ட்ரிக் ட்ரெயின் போன பிறகும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். நாங்கள் நாலு பேர், மூன்று கட்சி.

முதல் கட்சி: அவன் ஒற்றன், கொஞ்சம் சிரிப்புப் பாத்திரம். அதற்கு மேல் தேடாதே. இது என் கட்சி. அரியர் வைத்திருப்பவனுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இல்லை.

இரண்டாவது கட்சி என் ரூம்மேட்டுடையது. அவன் லால்குடிக்காரன். ஆழ்வார்க்கடியான் நம்பி வேறு யாருமில்லை, மணக்கால் நம்பிதான் என்று அடித்துச் சொல்வான். வைணவ ஆசாரியர்களில் மணக்கால் நம்பி என்று ஒருவர் இருந்தார். ஆளவந்தார் அரசபோகத்தில் இருந்தபோது அவரை நெருங்க முடியாமல், அரண்மனைச் சமையற்கட்டுக்குத் தினமும் தூதுவளைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்து, அந்தக் கீரை வழியாகவே உள்ளே நுழைந்தவர். "இது ஒற்றன் வேலை இல்லாம என்னடா?" என்பான். பெயரிலும் நம்பி. மணக்காலும் லால்குடிப் பக்கம், அநிருத்தரின் ஊரான அன்பிலும் லால்குடிப் பக்கம். கேட்கக் கேட்க சரிதான் போலிருக்கும்.

மூன்றாவது கட்சி அண்ணனுடையது. அவர் ஒரு நாள், "டேய், முதல் பாகம் மூணாவது அத்தியாயத்தை மறுபடி படிங்கடா. அங்க அவன் என்ன பண்றான்?" என்றார்.

படித்தோம். 'விண்ணகரக் கோயில்' என்ற அத்தியாயம். ஏரிக்கரைச் சண்டையெல்லாம் முடிந்து, ஆழ்வார்க்கடியான் வீரநாராயணபுரத்துப் பெருமாள் கோயிலுக்குப் போகிறான். அங்கே ஆழ்வார் பாசுரம் பாடுகிறான். கோயில் பட்டர் உருகிப்போய்க் கேட்கிறார். அவருடைய சின்னப் பிள்ளையும் கூட நின்று கேட்கிறது. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் நாதமுனிகள் ஆனவர் என்று கல்கி அங்கேயே சொல்லிவிட்டு, கதையைக் கடம்பூருக்குத் திருப்பிவிடுகிறார்.

இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருந்தும் புரியவில்லை. அண்ணன்தான் விளக்கினார்.

நாதமுனிகள் யார்? நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தவர். காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர். ஆழ்வார் பாடல்கள் பெரும்பாலும் வழக்கொழிந்து போயிருந்த காலம் அது. வைணவ குருபரம்பரைக் கதை இப்படிச் சொல்கிறது: எங்கிருந்தோ யாத்திரை வந்த சில வைணவர்கள் எங்கள் ஊர்ப் பெருமாள் முன்னால் நின்று, குடந்தைப் பெருமாளைப் பற்றிய நம்மாழ்வார் பாட்டுப் பத்தைப் பாடினார்கள். நாதமுனிகள் சொக்கிப்போனார். கடைசிப் பாட்டில், இது ஆயிரத்தில் ஒரு பத்து என்று வருகிறது. "மீதி எங்கே?" என்று கேட்டார். "எங்களுக்கு இந்தப் பத்துதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். நாதமுனிகள் குடந்தைக்குப் போனார், அங்கிருந்து நம்மாழ்வாரின் குருகூருக்குப் போனார். 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' என்ற பிரபந்தத்தைப் பன்னிரண்டாயிரம் தடவை ஓதினார். நம்மாழ்வாரே தோன்றி நாலாயிரத்தையும் கொடுத்தார். இது மரபுக் கதை.

அண்ணன் கேட்டார்: "வந்து பாடிட்டுப் போனாங்களே, அவங்க பேர் என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. பெயர் கிடையாது.

"அந்தப் பேர் இல்லாத ஆள்தான்டா ஆழ்வார்க்கடியான். கல்கி அவனுக்கு ஒரு பேர் வெச்சு, ஒரு தடி குடுத்து, ஒரு உத்தியோகம் குடுத்து, கதையில விட்டுட்டார்."

இதுதான் மூன்றாவது கட்சி. அன்றைக்கு டீக்கடையில் பெரிய சண்டை. அப்புறம் நான் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, இதையெல்லாம் மறந்தும் போனேன். இந்தப் பேச்சுக்காக மூன்று மாதமாக மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாம் எஞ்சினியர்கள். பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளக் கூடாது, டெஸ்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். அதன் ரிசல்ட்டைச் சொல்கிறேன்.

முதலில் மணக்கால் நம்பி கட்சி. இது தேறவில்லை. மணக்கால் நம்பியின் குரு உய்யக்கொண்டார். உய்யக்கொண்டாரின் குரு நாதமுனிகள். அதாவது நாதமுனிகளுக்கு இரண்டு தலைமுறை இளையவர். கதையில் நாதமுனிகள் சின்னக் குழந்தையாக நிற்கும்போது ஆழ்வார்க்கடியான் வளர்ந்த ஆள். கணக்கு உதைக்கிறது. லால்குடி நண்பன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். மன்னிச்சுக்கோடா.

அடுத்தது அண்ணன் கட்சி. இதற்கு மூன்று சோதனை வைத்தேன்.

ஒன்று, இடம். இது பொருந்துகிறது. குருபரம்பரையில் வரும் அதே ஊர், அதே பெருமாள் கோயில். கதையை ஆரம்பிக்கக் கல்கிக்குச் சோழநாட்டில் இடமா இல்லை? தஞ்சை இருந்தது, பழையாறை இருந்தது. வீரநாராயணபுரத்தைப் பிடித்தார். இன்னொன்றும் சொல்லுகிறேன். எங்கள் ஊரில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜ சோழனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயரைச் சொல்லி, அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்த விவரம் அதில் வருகிறது. நாவலின் மையமே அந்தக் கொலைதான். அந்தக் கொலைகாரர்களின் பெயர் பொறித்த கோயிலும், நாதமுனிகளின் கோயிலும் ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. கல்கி இந்த ஊரில் கதையைத் தொடங்கியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டு, வேலை. இதுவும் பொருந்துகிறது. வந்து, பாடி, கேட்டவன் காதில் போட்டுவிட்டு, வந்த வழியே போய்விடுகிறான். பெயரைப் பாருங்கள், ஆழ்வார்க்கு அடியான். அவனை வேலைக்கு வைத்திருக்கும் அநிருத்தரும் சரித்திரத்தில் உண்மையான ஆள்தான். சுந்தர சோழர் அவருக்கு நிலம் கொடுத்ததை அன்பில் செப்பேடு சொல்கிறது. அந்தச் செப்பேட்டின்படி அவர் குடும்பமே திருவரங்கத்துப் பெருமாளுக்கு அடிமைப்பட்ட வைணவக் குடும்பம். அவரிடம் ஒரு வைணவ ஒற்றன் இருந்தான் என்று கற்பனை செய்வது வெகு பொருத்தம்.

மூன்று, காலம். இங்கேதான் இடிக்கிறது. கதை நடப்பது சுமார் 969-ஆம் ஆண்டை ஒட்டி. வைணவ மரபுக் கணக்குப்படி நாதமுனிகள் 9-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். அவருடைய பேரன் ஆளவந்தாரே 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்துவிட்டார். அப்படியானால் 969-ல் நாதமுனிகள் எப்படிக் குழந்தையாக இருப்பார்? பேரனுக்கே ஐம்பது வயது இருக்குமே! அது மட்டுமில்லை. மரபுக் கதையில் பாட்டைக் கேட்டவர் விவரம் தெரிந்த பெரியவர். வந்து பாடியவர்களும் பலர். கல்கியில் கேட்டது குழந்தை, பாடியது ஒருவன்.

இதற்கு ஒரு பதில் உண்டு. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். அவன் ஆட்சிக்கு வந்தது 907-ல். ஏரியும் ஊரும் அந்தப் பெயரைப் பெற்றது அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே மரபுக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, நாதமுனிகள் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 969-ல் குழந்தை என்பது ரொம்பவே இழுப்பதுதான்.

ஆக ரிசல்ட்: இடம் பாஸ், வேலை பாஸ், காலம் அரியர்.

இப்போது என் ஊகத்தைச் சொல்கிறேன். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்து எழுதிய கல்கிக்கு இந்த வயசுக் கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் நாதமுனிகளைக் குழந்தையாக்கிக் கோயில் வாசலில் நிறுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தக் குழந்தை கதைக்குத் தேவையே இல்லை. வந்தியத்தேவன் பயணத்துக்கும் நாதமுனிகளுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் கதை கொஞ்சமும் குறையாது. ஆனால் ஆழ்வார்க்கடியான் குறைந்துபோவான், வெறும் ஒற்றனாக நின்றுவிடுவான். அந்த ஒரு பக்கத்தால்தான் அவன் ஒரு ராஜ்யத்தின் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே காலில், தமிழின் நாலாயிரம் பாட்டுக்கும் ஒரு விதை போட்டுவிட்டுப் போகிறான். அவனுக்கே அது தெரியாது. அவன் கவலையெல்லாம் அன்றிரவு கடம்பூர் மதிலில் எப்படி ஏறுவது என்பதில் இருக்கிறது.

இன்னொன்று கவனியுங்கள். வந்தியத்தேவனுக்குக் கல்வெட்டு இருக்கிறது, குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயிலில் பெயர் இருக்கிறது. அநிருத்தருக்குச் செப்பேடு இருக்கிறது. கொலைகாரன் ரவிதாசனுக்குக்கூடக் கல்வெட்டு இருக்கிறது! வழிகாட்டிய ஆழ்வார்க்கடியானுக்கு எதுவும் கிடையாது, முழுக் கற்பனை. குருபரம்பரைப் பட்டியலும் அப்படித்தான். ஆசாரியர் வரிசை நாதமுனிகளிலிருந்து இறங்கி வருகிறது. அவர் காதில் முதலில் பாடியவர்கள் பட்டியலில் இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் கல்கி ஒரு ஆளை உட்கார வைத்தார் என்பது அண்ணன் சொன்னது. நான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஐந்து நிமிஷம் கொடுங்கள். நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் இருக்கிறது.

இந்த வாதம் என்னுடையது இல்லையே, மேடையில் சொல்லும் முன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நம் சங்க மலரின் பின்பக்கத்தில் வருஷவாரியாக விலாசப் பட்டியல் போடுவோமே, அதை எடுத்தேன். 2007 பேட்ச். இரண்டு முறை தேடினேன், அவர் பெயர் இல்லை. சங்க அலுவலகத்தில் கேட்டேன். "அப்படி யாரும் பாஸ் அவுட் லிஸ்ட்ல இல்லைங்களே" என்றார்கள்.

அவருடைய வகுப்புத் தோழர்கள் நாலு பேரைப் பிடித்து விசாரித்தேன். அப்புறம்தான் தெரிந்தது. அவர் படிப்பை முடிக்கவே இல்லை. கடைசி செமஸ்டருக்கு முன்னால் அவருடைய அப்பா படுத்துவிட்டார். வீட்டில் இவர்தான் மூத்தவர், கீழே இரண்டு தங்கைகள். போய்விட்டார். கடைசி செமஸ்டரில் எல்லோரும் ப்ராஜெக்ட் என்று வெளியே போய்விடுவதால், அவரும் எங்கோ ப்ராஜெக்டில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் அரியரை எல்லாம் முடிக்க வைத்தவர், தன் படிப்பை முடிக்கவில்லை என்பதே எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அவர் எங்கே இருக்கிறார் தெரியுமா? முடிச்சூர் ரோட்டில். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நம் கல்லூரி கேட்டிலிருந்து பைக்கில் கால் மணி நேரம். நான் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பெருங்களத்தூரில் வாடகைக்கு இருந்தேன். அந்தக் கடையைத் தாண்டி எத்தனை முறை போயிருப்பேனோ!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கையெல்லாம் வார்னிஷ். கொஞ்சம் நரைத்துவிட்டது. பார்த்தவுடனே, "டேய் காட்டுமன்னார்கோயில்!" என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியபோது அவர் கடையிலும் தண்ணீர் புகுந்துவிட்டதாம். வடிந்த பிறகு அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு மோட்டார் போச்சு. ராத்திரி பகலாக மூன்று மாதம் காயில் கட்டினாராம். "பாதிப் பேர்கிட்ட காசு வாங்க மனசு வரலடா" என்றார். கடையில் இரண்டு ஐ.டி.ஐ. பையன்கள் வேலை செய்கிறார்கள். நான் இருக்கும்போதே ஒருவனிடம் ஸ்லாட், போல் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே குரல், அதே மாதிரி ஊர்க்கதை உவமானம்.

நான் ஆழ்வார்க்கடியான் விஷயத்தை ஆரம்பித்தேன். அந்தப் பேர் இல்லாத ஆள் வாதம், டீக்கடை, எல்லாம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். முடிவில், "இதெல்லாம் நானா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையேடா. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"விழாவுக்கு வாங்கண்ணே, நீங்களே பேசுங்க" என்றேன்.

"நான் எதுக்குடா அங்க? நான்தான் முடிக்கலையே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், குறைபட்டுச் சொல்லவில்லை. "என் பேரைச் சொல்லாதே, என்னத்துக்கு" என்றும் சொன்னார். அதனால்தான் சொல்லவில்லை.

அன்பர்களே, நாதமுனிகள் கதையில் நான் நாதமுனி இல்லை. அவ்வளவு பெரிய ஆசை எனக்குக் கிடையாது. ஒரு அரியர் கேஸ் அரியர் இல்லாமல் வெளியே போனது, அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் இல்லாத ஒருவர் பட்டியலில் இருக்கிற ஒருவனுக்கு வழி காட்டினார். இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களுக்கும் ஒருவர் இருந்திருப்பார். சில பேருக்கு மெஸ்ஸில் பரிமாறியவர், சில பேருக்கு லேப் அட்டெண்டர். சில பேருக்கு, முடிக்காமல் போன சிநேகிதன்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் விதிப்படி பட்டம் பெற்றவர்தான் உறுப்பினர். அந்த விதியை ஏன் வைத்தார்கள் என்று எனக்குப் புரிகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் 'இங்கே பட்டம் பெற்றவர்கள்' என்ற பட்டியலுக்குக் கீழே, 'இங்கே படித்தவர்கள்' என்று இன்னொரு பட்டியல் போடலாம். இங்கே ஒரு வருஷமாவது வகுப்பில் உட்கார்ந்தவர், குடும்பக் கஷ்டத்தாலோ உடம்பு முடியாமலோ பாதியில் போனவர், அவர் சம்மதித்தால் அவர் பெயரும் விலாசமும் அதில் வரட்டும். அடுத்த சந்திப்புக்கு அழைப்பிதழ் அவருக்கும் போகட்டும். அவரவர் பேட்சில் அப்படி யார் என்று அவரவருக்குத் தெரியும். ஆளுக்கு ஒருவரைத் தேடிப் பிடித்தால் போதும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்து ரூமில் யாராவது ராத்திரி உட்கார்ந்து உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், சொல்லிக் கொடுக்கிறவர் நிலைமை எப்படி இருக்கிறது என்று நீங்களும் ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கவில்லை. "அண்ணே, நீங்க ஃபீஸ் கட்டிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஏதாவது செய்திருக்கலாம். செய்திருப்போமா என்பது தெரியாது. கேட்டிருக்கலாம்.

ஆழ்வார்க்கடியான் யார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். அவன் பெயர் எழுதப்படாமல் போனவன். கல்கி அவனுக்கு ஐந்து பாகத்தில் இடம் கொடுத்தார். நாம் ஒரு பக்கமாவது கொடுப்போம்.

 சாப்பாடு தயாராகிவிட்டதாகப் பின்வரிசை சைகை காட்டுகிறது.

(பின்குறிப்பு: பேசி முடித்ததும், இந்த வேண்டுகோளை அடுத்த செயற்குழுவில் வைப்பதாகத் தலைவர் மேடையிலேயே அறிவித்தார். மேடையை விட்டு இறங்குவதற்குள் என்னிடம் ஆறு பேர் ஆறு பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டுகளைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்.)